காது கேளாதோர் கல்வியும் மொழித் தேர்வும்: பள்ளி முதல் பணி வரை ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பதற்கு ஒரு வரையறை உண்டு. ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே அவரது தாய்மொழி. தாய் முன்னரே இறந்திருப்பின் வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி தாய்மொழியாகக் கொள்ளப்படும். இவ்வரையறையோடு கணக்கெடுப்பாளருக்கு மேலும் ஓர் அறிவுறுத்தல் தரப்படுகிறது. கைக்குழந்தைகள், காது கேளாத வாய் பேசாதோர் ஆகிய இரு சாராருக்கும் அவர்தம் தாய் வழக்கமாகப் பேசும் மொழியையே பதிய வேண்டும் என்பது அது. கைக்குழந்தை வளர்ந்து அம்மொழியைப் பேசத் தொடங்கும். எனவே அதன் பொருட்டுச் செய்யும் பதிவு ஓர் எதிர்பார்ப்பு. நாற்பது வயதுடைய காது கேளாதவருக்குச் செய்யும் பதிவோ, அவர் ஒருபோதும் கேட்டிராத மொழியை அவருக்கு உரியதாக்குகிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கேட்டல் குறைபாடு உடையோராக 50.71 இலட்சம் பேரையும், பேச்சுக் குறைபாடு உடையோராக ஏறத்தாழ 19.98 இலட்சம் பேரையும் காட்டியது. இவர்கள் அனைவரும் சைகை மொழியினர் அல்லர். முதுமையில் கேள்வி குன்றியோரும், ஓரளவு கேட்கக் கூடியோரும் இத்தொகையில் அடங்குவர். ஆயினும் பிறவியிலோ பேச்சு கைவருமுன்னரோ கேட்கும் திறனை இழந்தோர் தம்முள் எம்மொழியில் உரையாடுகின்றனர் என்பதை அறிய இந்த எண்ணிக்கை உதவாது.

கணக்கெடுப்பேட்டின் இந்த அறிவுறுத்தலில் உள்ள கருத்தே இந்தியாவில் காது கேளாதோர் கல்வியையும் நூறாண்டுக்கு மேலாக நடத்தி வந்தது. வீட்டின் மொழியே குழந்தையின் மொழி. அதனைப் பேசப் பழக்குவதே பள்ளியின் முதற்பணி என்று கொள்ளப்பட்டது. பள்ளியை விட்டு வெளியேறிய இளைஞர்கள் எத்தொழிலுக்குச் சென்றனர், எக்கல்லூரியில் நுழைய முடிந்தது, எங்கே நின்றுவிட்டனர் என்பவற்றை இம்மொழித் தேர்வோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மிலான் தீர்மானமும் இந்தியப் பள்ளிகளின் தோற்றமும்

காது கேளாதோர் கல்வியில் இரு மரபுகள் 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் உருவாயின. பாரிசில் பாதிரியார் டி லெப்பே, மாணவர்களிடையே வழங்கிய சைகைகளைக் கொண்டே அவர்களுக்கு எழுத்தறிவு ஊட்டினார். 1778இல் லைப்சிக் நகரில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே, பேச்சே சிந்தனைக்கு வாயில் என்னும் கொள்கையினர். முன்னது பிரெஞ்சு முறை எனவும் பின்னது ஜெர்மன் முறை எனவும் வழங்கலாயின.

இவ்விரு முறைகளுக்கும் இடையிலான வழக்கு 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாட்டில் ஒருதலையாக முடிக்கப்பட்டது. சைகையைவிடப் பேச்சு உயர்ந்தது, எனவே வாய்மொழிப் பயிற்றுமுறையே கையாளப்பட வேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. ஏறத்தாழ 160 பிரதிநிதிகளுள் காது கேளாதவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன் ஒருவரே. இத்தீர்மானத்தின் பின் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றில் காது கேளாத ஆசிரியர்கள் பணியிழந்தனர். வகுப்பறையில் சைகை விலக்கப்பட்டது.

இந்தியாவின் முதற்பள்ளிகள் இத்தீர்மானத்தை அடுத்த ஆண்டுகளில் தோன்றியவை. 1880களின் நடுவில் பம்பாயில் கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால் ஒரு பள்ளி ஏற்பட்டது. 1893இல் கல்கத்தாவில் வங்காளப் பெருமக்கள் சிலர் கூடிக் காது கேளாதோர் பள்ளியை நிறுவினர். அதன் ஆசிரியருள் ஒருவரான யாமினிநாத் பானர்ஜி இங்கிலாந்துக்கும் பின்னர் வாஷிங்டனில் உள்ள கல்லூடட் கல்லூரிக்கும் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். தெற்கே பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 1890களில் பள்ளி தொடங்கினார். 1901இல் மைசூரில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் உரிய பள்ளி எழுந்தது.

இப்பள்ளிகளுள் சிலவற்றைத் திருச்சபையும் சிலவற்றை உள்ளூர்ப் பெருமக்களும் தொடங்கினர். தொடங்கியோர் வேறுபட்டாலும், பயிற்சி நூல்களும் ஆசிரியர் பயிற்சியும் பெரும்பாலும் மேலைநாட்டிலிருந்தே வந்தமையால், மிலானுக்குப் பிந்தைய மனப்பான்மையும் உடன் வந்தது. வங்காளம், தமிழ், மராத்தி, கன்னடம் என்று பேச்சுமொழி மாறிய போதிலும், பேச்சே குறிக்கோள் என்னும் கொள்கை மாறவில்லை. 2010இல் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்விக்கான அனைத்துலக மாநாடு மிலான் தீர்மானங்களை முறையாக மறுத்து அவற்றின் விளைவுகளுக்காக வருத்தம் தெரிவித்தது. இடையே 130 ஆண்டுகள் கழிந்திருந்தன.

3. வகுப்பறையின் மொழியும் விடுதியின் மொழியும்

வாய்மொழிப் பயிற்றுமுறை இரு திறன்களை எதிர்பார்க்கிறது: பிறர் உதட்டசைவைக் கண்டு சொல்லை அறிதல், தன் குரலைத் தான் கேளாமலே சொல்லை ஒலித்தல். இவற்றுள் முதலாவதன் எல்லையை ஒலியியல் எளிதில் காட்டும். தொல்காப்பியப் பிறப்பியல் பகரத்தையும் மகரத்தையும் இதழ் இயைந்து பிறப்பனவாக ஓரிடத்தில் வைத்துக் கூறுகிறது. காதுக்கு வேறான இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றே. பாடு, மாடு, பட்டு, மட்டு போன்ற இணைகளை உதட்டைப் பார்த்து மட்டும் பிரித்தறிய இயலாது. இந்தியிலோ ப-வருக்கத்து ஐந்து எழுத்துகளும் இதழ் மூடிப் பிறப்பன. அவற்றை வேறுபடுத்தும் குரலொலிப்பும் மூச்சொலிப்பும் மூக்கொலிப்பும் முகத்தில் தெரிவதில்லை. ககரம் போன்ற பின்னண்ண ஒலிகள் வாயின் உட்புறத்தே பிறப்பதால் அவை முற்றிலும் மறைந்துவிடுகின்றன.

இதனினும் முக்கியமான ஒன்று இலக்கணம் பற்றியது. தமிழில் சொல்லுக்குச் சொல் உள்ள உறவைக் காட்டுவன வேற்றுமை உருபுகளும் வினைமுற்று விகுதிகளுமாம். அவை சொல்லின் இறுதியில் விரைவாக ஒலிக்கப்படுவன. பெரும்பாலும் உதட்டில் தோன்றாதவை. பெயரையும் வினையடியையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும் மாணவன் அவற்றை இணைக்கும் உறுப்புகளைக் காணாமலே வளர்கிறான். உருபு பிறழ்ந்தும் விகுதி மாறியும் அவன் எழுதும் வாக்கியம் அறிவுக் குறைவின் அடையாளமாகக் கருதப்பட்டது. உண்மையில் அது அவனுக்கு எட்டிய மொழித் தரவின் குறைவையே காட்டுகிறது.

ஓரளவு கேட்கும் திறன் எஞ்சிய குழந்தைகளுக்கும், பேசக் கற்றபின் காது கேளாமற் போனவர்களுக்கும் இம்முறை பயன் தந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. 1965இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு-கேட்டல் நிறுவனம் போன்றவை வளர்ந்தபின் கேட்புக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் மேம்பட்டன. 2014 முதல் மைய அரசின் உதவிக் கருவிகள் திட்டத்தின் கீழ்க் குழந்தைகளுக்கு உட்செவிச் சுருள் பதியமும் செய்யப்படுகிறது. ஆயினும் கருவி குழந்தைக்கு எட்டும் வயது, தொடர் பயிற்சி, பழுது நீக்கும் வசதி ஆகியவற்றைப் பொறுத்தே இவற்றின் பயன் அமைகிறது. கருவி பயன்படாத குழந்தைக்கு மொழி எங்கிருந்து வரும் என்ற வினா அப்படியே நிற்கிறது.

அவ்வினாவிற்குப் பள்ளியே தன்னையறியாமல் விடை தந்தது. காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் தம்மைப் போன்ற பிறரைக் காணாதவர்கள். பள்ளி அவர்களை ஓரிடத்தில் கூட்டியது. வகுப்பறையில் விலக்கப்பட்ட சைகை விடுதியிலும் விளையாட்டிடத்திலும் மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குச் சென்றது. பிற மொழிகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. இம்மொழி மாணவரிடமிருந்து மாணவருக்கு வந்தது. சைகையை ஒழிக்க முயன்ற பள்ளிகளே இந்தியச் சைகை மொழி வேரூன்றும் நிலமாயின.

4. பள்ளிக்குப் பின்: பட்டறையும் பதிவகமும்

பேச்சில் பெற்ற தேர்ச்சியே பள்ளியின் அளவுகோலாக இருந்தமையால், வரலாறு, கணிதம், அறிவியல் ஆகியவற்றிற்கு ஒதுக்கப்பட வேண்டிய காலத்தில் பெரும்பகுதியை ஒலிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டது. பள்ளியிறுதித் தேர்வு வரை சென்றோர் சிலரே. எஞ்சியோருக்குத் தையல், தச்சு, நெசவு, ஓவியம், அச்சுக்கோப்பு ஆகிய கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. கண்ணும் கையும் கூர்மையாக உள்ளவர்களுக்கு இவை ஏற்றவை என்பது அக்காலத்துக் கருத்து. அதில் உண்மை இருப்பினும், வேறு வழி திறவாமையே இத்தொழில்களை நோக்கி அவர்களைச் செலுத்தியது எனலாம்.

விடுதலைக்குப் பின் அரசு இவ்வழியை நிறுவனப்படுத்தியது. உடற்குறையுற்றோருக்கான முதல் தனி வேலைவாய்ப்பகம் 1959இல் பம்பாயில் அமைந்தது. 1960களில் வயது வந்த காது கேளாதோருக்கான பயிற்சி மையம் ஐதராபாத்தில் ஏற்பட்டது. 1968இல் தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் தொடங்கப்பட்டன. இவற்றால் பலர் ஆலைகளிலும் அச்சகங்களிலும் அரசுப் பணிமனைகளிலும் நிலையான வேலை பெற்றனர். ஆயினும் தொழில்நுட்பம் மாறும்போது புதியதைக் கற்றுக்கொள்ள எழுத்தறிவு வேண்டும். ஈய எழுத்துகளை விரைந்து கோத்தவர், கணிப்பொறி அச்சுக்கு மாறியபோது கையேட்டைப் படித்தறிய வேண்டியவரானார். கைத்தொழில் அவருக்கு வாழ்வு தந்தது. அடுத்த தொழிலுக்குச் செல்லத் தேவையான மொழியை அவருடைய பள்ளி தரவில்லை.

1974இல் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் ஊனமுற்ற குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்க வழிசெய்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கமும் இதனை விரிவாக்கின. வீட்டருகே பள்ளி கிடைத்தது பெரும் பேறு. ஆனால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே காது கேளாத குழந்தையாக அமர்வது, சைகை மொழியைப் பொறுத்தவரை, விடுதியில் கிடைத்ததையும் இழப்பதாகும். பார்வையற்ற குழந்தைக்குப் பொது வகுப்பின் மொழி தடையன்று. நூலின் வடிவமே தடை. காது கேளாத குழந்தைக்கு வகுப்பின் மொழியே தடை. இவ்வேறுபாட்டைத் திட்டங்கள் நெடுங்காலம் கருதவில்லை.

ஒட்டுமொத்த விளைவுகளை எண்கள் காட்டுகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5 முதல் 19 வயது வரையுள்ள ஊனமுற்றோருள் 61 விழுக்காட்டினர் கல்வி நிறுவனங்களில் பயின்றனர். 12 விழுக்காட்டினர் இடையில் நின்றனர். 27 விழுக்காட்டினர் பள்ளியையே காணாதவர்கள். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்றில், 7 வயதும் அதற்கு மேலும் உள்ள ஊனமுற்றோருள் எழுத்தறிந்தோர் 52.2 விழுக்காடு எனக் கண்டறியப்பட்டது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ முடித்தோர் 19.3 விழுக்காட்டினர், உழைப்புச் சந்தையில் பங்கு கொண்டோர் 23.8 விழுக்காட்டினர். இவை எல்லா வகை ஊனமுற்றோருக்கும் பொதுவான எண்கள். காது கேளாதோரைப் பொறுத்தவரை, ‘எழுத்தறிந்தோர்’ என்ற தலைப்பில் எண்ணப்படுபவர் ஒரு விண்ணப்பப் படிவத்தையோ செய்தித்தாளையோ பொருளுணர்ந்து படிக்க வல்லவரா என்பதை இவ்வெண்களால் அறிய இயலாது.

5. மொழியியலாரின் வருகை

சைகை மொழியும் மொழியே என்பதை அமெரிக்க மொழியியலார் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் நிறுவினார். கைவடிவம், கை அமையும் இடம், அசைவு ஆகிய கூறுகள் பேச்சுமொழியின் ஒலியன்களைப் போலப் பொருள் வேற்றுமை செய்வன என்று அவர் காட்டினார். இந்தியாவில் இப்பணி 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது. காது கேளாதவரான மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு, கிர்க் வில்சன் ஆகியோர் டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளைத் திரட்டி 1980களில் அகராதிகளாக வெளியிட்டனர். நகரத்திற்கு நகரம் சொற்கள் வேறுபட்டாலும் அவை பெரிதும் உறவுடையன எனக் கண்டனர். பின்னர் உல்ரிக் சேஷன் இந்திய, பாகிஸ்தானியச் சைகை மொழியின் இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்து 2000இல் நூலாக்கினார்.

இவ்வாய்வுகள் தந்த செய்திகளுள் சிலவற்றை இங்குச் சுட்டலாம். இம்மொழியில் வினைப் பகுதி வாக்கியத்தின் இறுதியை நோக்கி அமைகிறது; எதிர்மறைச் சைகை அதனைப் பின்தொடர்கிறது; வினாச் சைகை இறுதியில் வருகிறது. பொதுவான ஒரு வினாச் சைகை இருக்க, முகம் என்பதனோடு அது சேர்ந்து ‘யார்’ எனவும், காலம் என்பதனோடு சேர்ந்து ‘எப்போது’ எனவும், இடம் என்பதனோடு சேர்ந்து ‘எங்கே’ எனவும் பொருள் தருகிறது. கொடு, உதவு போன்ற வினைகளில் கை புறப்படும் இடம் எழுவாயையும் சென்று சேரும் இடம் செயப்படுபொருளையோ பெறுவோரையோ காட்டும். தமிழ் ‘கு’ உருபாலும் வினை விகுதியாலும் உணர்த்துவதை இம்மொழி வெளியில் செல்லும் ஒரு கோட்டால் உணர்த்துகிறது. ஆண் என்பதற்கு மீசையையும் பெண் என்பதற்கு மூக்குத்தியையும் சுட்டும் சைகைகள், இம்மொழி இந்நாட்டு வாழ்விலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டதைக் காட்டும்.

வகுப்பறையில் ‘இலக்கணமற்ற கையாட்டல்’ என ஒதுக்கப்பட்ட ஒன்றின் இலக்கணம் இது. இதன் கல்விப் பயன் எளிதில் விளங்கும். ஒரு மொழியின் இலக்கணத்தை முழுமையாகப் பெற்ற குழந்தைக்கு இரண்டாம் மொழியை எழுத்து வழியே கற்பிக்க முடியும். முதல் மொழியே முழுமையாக வாய்க்காத குழந்தைக்கு எழுத்து வெறும் வடிவமாகவே நிற்கும். 1980களிலிருந்து சில பள்ளிகள் பேச்சோடு சைகையையும் சேர்த்துக் கற்பித்தன. ஆயினும் பேச்சுமொழியின் சொல்வரிசையில் சைகைகளை அடுக்கியமையால், அது பேச்சாகவும் நிறைவுறவில்லை, சைகை மொழியாகவும் அமையவில்லை.

6. விலக்கு என்னும் சலுகை

காது கேளாத மாணவருக்கு மொழிப்பாடம் கடினம் என்பதைத் தேர்வு வாரியங்கள் உணர்ந்தன. அதற்கு அவை கண்ட தீர்வு விலக்கு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வில் ஊனமுற்ற மாணவர் இரண்டு கட்டாய மொழிகளுக்கு மாற்றாக ஒன்றை மட்டும் பயிலலாம். தமிழ்நாட்டிலும் காது கேளாத மாணவருக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு உண்டு. இச்சலுகையால் பலர் பள்ளியிறுதித் தேர்வைக் கடந்தனர் என்பது உண்மை. அது இல்லையேல் தேர்ச்சி பெற்றோர் தொகை இன்னும் சுருங்கியிருக்கும்.

ஆனால் ஒரு வாயிலில் நீக்கப்பட்ட மொழி அடுத்த வாயிலில் மீண்டும் வந்து நின்றது. பட்டப்படிப்பின் பாடநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. போட்டித் தேர்வுகளில் மொழித்திறன் வினாத்தாள் உண்டு. அலுவலகக் கடிதமும் கணிப்பொறித் திரையும் மொழியறிவை எதிர்பார்க்கின்றன. பள்ளி அவரை மொழியிலிருந்து விடுவித்தது, உலகம் விடுவிக்கவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் ஊனமுற்றோருக்கு 3 விழுக்காடு ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைக் கேட்டல் குறைபாடு உடையோருக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பணியில் 4 விழுக்காட்டையும் உயர்கல்வியில் 5 விழுக்காட்டையும் ஊனமுற்றோருக்கு ஒதுக்கியது. ஒதுக்கீடு இடத்தைத் தரும்; அவ்விடத்திற்கு உரிய தேர்வை எழுத மொழி வேண்டும்.

இதனைக் கொண்டு விலக்கை நீக்க வேண்டும் என்று கூறுவது முறையாகாது. கற்பிக்கப்படாத ஒன்றில் தேர்வு வைப்பது கொடுமை. விலக்கு ஒரு தவறான கற்பித்தலின் விளைவைத் தணிக்கிறது. கற்பித்தலைத் திருத்துவதில்லை என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

7. விலக்கிலிருந்து பாடமாக

கடந்த கால் நூற்றாண்டில் நிலைமை மெல்ல மாறி வந்துள்ளது. 1983இல் பம்பாயில் நிறுவப்பெற்ற அலி யாவர் ஜங் தேசியக் கேட்டல் குறைபாட்டு நிறுவனம் 2001இல் சைகை மொழிப் பிரிவைத் தொடங்கி ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பயிற்சி அளித்தது. 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மொழி என்பது பேச்சுமொழியையும் சைகை மொழியையும் உள்ளடக்கும் என்று வரையறுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் காது கேளாதோருக்கு அவர்களுக்கு மிகப் பொருந்தும் மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்க வேண்டும் என்றது.

உயர்கல்வியிலும் சில வாயில்கள் திறந்தன. சென்னை அடையாற்றில் உள்ள புனித லூயி காது கேளாதோர் கல்லூரி வணிகவியலிலும் கணிப்பொறிப் பயன்பாட்டிலும் பட்டப்படிப்பு நடத்துகிறது. 1997இல் திருவனந்தபுரத்தில் ஏற்பட்ட தேசியப் பேச்சு-கேட்டல் நிறுவனம் 2008இல் காது கேளாதோருக்கெனப் பட்டப்படிப்புகளைத் தொடங்கியது. 2009இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சைகை மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்ட பயன்பாட்டுச் சைகை மொழியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அது நிலைத்து நடைபெறாது போயினும், மொழியியலைச் சைகை மொழி வழியாகவே கற்பிக்க இயலும் என்பதை மெய்ப்பித்தது.

காது கேளாதோர் அமைப்புகள் தொடர்ந்து குரலெழுப்பியதன் பயனாக இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015 செப்டம்பரில் தனி நிறுவனமாக அமைந்தது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2019இல் 6,000 ஆகவும் 2021இல் 10,000 ஆகவும் விரிந்தது. 2020 அக்டோபரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவோடு பாடநூல்களைச் சைகை மொழியில் ஆக்க உடன்பாடு ஏற்பட்டது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றினார்.

இவை எல்லாவற்றினும் கல்வி வரலாற்றில் முக்கியமானது 2021 ஜூலையில் வந்த ஓர் அறிவிப்பு. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் இந்தியச் சைகை மொழியை இடைநிலை வகுப்பில் ஒரு மொழிப்பாடமாகச் சேர்த்தது. அதுவரை மொழிப்பாடம் என்றாலே விலக்குப் பெறுபவராக இருந்த மாணவர், தம் மொழியையே பாடமாக எடுத்துத் தேர்வு எழுதும் நிலை பிறந்தது. ஒரு வெற்றிடம் பாடமாயிற்று. தம் மொழியின் இலக்கணத்தை அறிந்து ஆராயும் மாணவர் பிற மொழியின் இலக்கணத்தை அதனோடு ஒப்பிட்டுக் கற்பார் என்பது மொழிக் கல்வியில் பழைய உண்மை.

8. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள பணிகள்

பாடநூலைச் சைகை மொழியில் ஆக்குவது எழுத்திலிருந்து எழுத்துக்குச் செல்லும் மொழிபெயர்ப்பன்று. பொதுவழக்கில் எழுத்து வடிவம் பெறாத இம்மொழியில் பாடநூல் ஒளிப்பதிவாகவே அமைகிறது. அச்சு நூலைப் புரட்டலாம், அடிக்கோடிடலாம், ஒரு வரைவிலக்கணத்தை நொடியில் தேடலாம். ஒளிப்பதிவில் அது எளிதன்று. எனவே ஒளிப்பதிவை அச்சு நூலின் பத்தியோடு இணைத்து, மாணவர் இரண்டையும் மாறிமாறிக் காணுமாறு அமைப்பது மொழிபெயர்ப்புப் பணியின் ஒரு பகுதியாகிறது.

கலைச்சொல்லாக்கம் இரண்டாவது பணி. வழங்கும் எளிய வழி ஆங்கிலச் சொல்லை விரலெழுத்தால் காட்டுதல். இந்தியாவில் வழங்கும் இருகை விரலெழுத்து பிரித்தானிய மரபினது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்பதை அதனால் காட்ட 14 கைவடிவங்கள் வேண்டும். அச்சொல்லை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே அது பொருள் தரும். அறியாத மாணவருக்கு 14 எழுத்துகளின் வரிசை மட்டுமே. ஒளி, சேர்க்கை என்னும் இரு கருத்துகளை இணைத்துத் தமிழில் ஆக்கிய ‘ஒளிச்சேர்க்கை’ பொருளைத் தானே சுட்டுகிறது. அயற்சொல்லை எடுத்தாளுதலா, பொருள் விளங்க ஆக்குதலா என்று 20ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் நிகழ்ந்த விவாதம் இங்கு மற்றொரு வடிவில் எழுகிறது. அவ்விவாதத்தில் பட்டறிவு பெற்ற இந்திய மொழிகளின் சொல்லாக்க வல்லுநர்கள் இதில் துணைபுரியக் கூடும்.

மூன்றாவது, தரப்படுத்தம். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இந்தியச் சைகை மொழி நாடு முழுவதும் தரப்படுத்தப்படும் என்கிறது. பாடநூலுக்கும் தேர்வுக்கும் பொதுவழக்கு தேவை. ஆயினும் சென்னையிலும் கல்கத்தாவிலும் வழங்கும் சைகை டில்லிச் சைகையினின்று வேறுபடுமாயின் அதனைப் பிழை எனத் தள்ளுவது, வகுப்பறையில் சைகையைத் தள்ளிய பழைய வழக்கின் மறுவடிவமாகிவிடும். வட்டார வழக்குகளையும் பதிவு செய்யும் அகராதியே பயனுடையது.

நான்காவது, ஆள். கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம், பணித்தேர்வு ஆகிய அனைத்திலும் தேர்ந்த சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை. பயிற்சி பெற்றோர் தேவைக்கு மிகக் குறைவு. இதனோடு சேர்த்துக் காண வேண்டியது காது கேளாதோரையே ஆசிரியராக்கும் பட்டயப் படிப்பு. சைகை மொழியைக் கற்பிக்கும் இப்படிப்பு காது கேளாத இளைஞர்களுக்கென அமைக்கப்பட்டது. மிலானுக்குப் பின் எத்தகுதி அவர்களுக்குப் பணியை மறுத்ததோ, அத்தகுதியே இங்குப் பணிக்கு உரிய தகுதியாகிறது. பட்டறைக்கும் பதிவகத்திற்கும் அப்பால், தம் மொழியையே தொழிலாகக் கொள்ளும் வழி இதனால் பிறந்துள்ளது.

9. முடிவுரை

காது கேளாத இளைஞர் பள்ளியிறுதியில் எங்கே நிற்கிறார் என்பது பதினாறாம் வயதில் முடிவாவதன்று. முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் அவருக்கு ஒரு மொழி முழுமையாகக் கிடைத்ததா என்பதிலேயே அது பெரிதும் அடங்கியுள்ளது. தொழிற்பயிற்சி, ஒதுக்கீடு, உதவித்தொகை ஆகியவை பின்னர் வரும் துணைகள். அவை தேவையானவையே, எனினும் மொழியின் இடத்தை அவற்றால் நிரப்ப இயலாது.

இவ்வரலாறு காட்டும் அடுத்த படிகள் நான்கு. காது கேளாமை கண்டறியப்பட்டவுடன் பெற்றோருக்கும் குழந்தைக்கும் சைகை மொழியைக் கற்பித்தல் முதலாவது. கேட்புக் கருவியோ உட்செவிப் பதியமோ இதற்குத் தடையாகாது. மொழிப்பாட விலக்கோடு நில்லாமல் மாநிலத் தேர்வு வாரியங்களும் சைகை மொழியைப் பாடமாக ஏற்று, வட்டார மொழியை எழுத்து வழியே இரண்டாம் மொழியாகக் கற்பித்தல் இரண்டாவது. கல்லூரிகளில் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களை நிலையாக அமைத்தல் மூன்றாவது.

நான்காவது செலவு மிகக் குறைந்தது. காது கேளாதவரின் தாய்மொழியாக அவருடைய தாயின் மொழியைப் பதிவதோடு அமையாமல், அவர் எம்மொழியில் உரையாடுகிறார் என்பதை அவரிடமே கேட்டுப் பதியுமாறு கணக்கெடுப்பு அறிவுறுத்தலைத் திருத்துதல் வேண்டும். எத்தனை பேர், எம்மாவட்டத்தில், எவ்வயதில் இம்மொழியைப் பயன்படுத்துகின்றனர் என்பது தெரிந்தாலன்றி, எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று திட்டமிட இயலாது. அக்கேள்வியை அவரிடம் கேட்பதற்கும் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம். அத்தேவையை உணர்வதே திட்டமிடுதலின் தொடக்கமாகும்.